காட்டை வாங்க அரசாங்கம் காசு தருமா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஊருக்குள் மிச்சமிருக்கும் காட்டையும் சதுப்பையும் ஊரே விலைக்கு வாங்கிக் காப்பாற்ற நியூ ஜெர்சி அரசு மானியம் தருகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர் ஓப்பன் ஸ்பேஸ் கமிட்டியில், அதாவது கட்டடம் வராத திறந்த நிலங்களைக் காக்கிற குழுவில், பல வருஷமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் வடிகால் இன்ஜினியர் வேலை. வக்கீல் இல்லை. சட்டச் சிக்கல் என்றால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

கே: அக்கா, எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் காடு இருக்கிறது. மான், நரி எல்லாம் வரும். ஒரு பில்டர் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மானியத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது? ஃபாரம் இருந்தால் அனுப்புங்களேன். (வாசகி, மிடில்செக்ஸ் கவுன்ட்டி)

ப: ஃபாரம் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் நிரப்ப முடியாது. உங்கள் ஹோம் ஓனர்ஸ் சங்கமும் நிரப்ப முடியாது.

நீங்கள் கேட்கிற திட்டத்துக்குப் பெயர் கிரீன் ஏக்கர்ஸ். 1961-ல், ஆளுநர் ராபர்ட் மெய்னர் காலத்தில், 60 மில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட மக்களிடம் ஓட்டுக் கேட்டு ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் பல முறை அதே மாதிரி ஓட்டெடுப்பு நடந்து, மக்கள் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். 2014 நவம்பரில் கடன் பத்திரத்துக்குப் பதிலாக வேறு வழி வந்தது. கம்பெனிகள் கட்டும் வருமான வரியில் ஒரு பங்கை நிலப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கும்படி மாநில அரசியலமைப்பைத் திருத்தினார்கள். 2019-லிருந்து அந்த வரியில் 6 சதவீதம் சுற்றுச்சூழல் வேலைகளுக்கு என்று கணக்கு. அதில் பண்ணை நிலம், பழைய கட்டடங்கள், மாநிலப் பூங்காக்கள் எல்லாம் பங்கு கேட்டது போக, ஊர்களுக்குக் கொடுக்கும் பகுதியிலிருந்துதான் உங்கள் காட்டுக்குக் காசு வர வேண்டும்.

விண்ணப்பிக்கக் கூடியவர்கள் இரண்டே வகை. ஒன்று, டவுன்ஷிப் அல்லது கவுன்ட்டி. இன்னொன்று, நிலப் பாதுகாப்பையே வேலையாகக் கொண்ட, லாப நோக்கமில்லாத அறக்கட்டளை. ஆகவே இவர்களில் ஒருவரை உங்கள் பக்கம் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த நிலம் யாருடையது என்று பாருங்கள். சொத்துவரிக்கு மதிப்புப் போடுகிற டவுன்ஷிப் அசெஸர் அலுவலகத்தில் டாக்ஸ் மேப் இருக்கும். அதில் உங்கள் காட்டுக்கு ஒரு பிளாக் நம்பர், ஒரு லாட் நம்பர். அந்த இரண்டும் தெரிந்தால் சொந்தக்காரர் பெயர், விலாசம், வரி மதிப்பு எல்லாம் வெளிவந்துவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒளிவுமறைவு இல்லை. அப்படியே மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் என்ஜே-ஜியோவெப் வரைபடத்தையும் கம்ப்யூட்டரில் திறந்து, அந்த லாட் மேல் ஈரநிலம், வெள்ளப் பகுதி எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இலவசம். ஒரு சாயங்காலம் போதும்.

அப்புறம் சொந்தக்காரரிடம் பேச்சு. அவருக்கு விற்க மனசு இருக்கிறதா? ஊருக்கு விற்க மனசு இருக்கிறதா? இது தெரியாமல் மானியத்துக்கு ஓடுவது, பெண் வீட்டில் கேட்காமலே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. மாநிலத் தலைநகர் டிரென்டனில் இருக்கும் அலுவலர்கள் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான்: "விற்கிறவர் சம்மதித்திருக்கிறாரா?" காட்டின் அழகைப் பற்றி நீங்கள் எழுதிய நாலு பக்கத்தை அப்புறம்தான் புரட்டுவார்கள்.

கே: மானியம் என்றால் முழுத் தொகையுமா? (வாசகர், பார்சிப்பனி)

ப: இல்லை. பொதுவாகப் பாதி. ஓப்பன் ஸ்பேஸுக்கென்று தனி வரி வசூலிக்கிற, அதற்கான திட்ட அறிக்கை வைத்திருக்கிற ஊருக்கு நிலம் வாங்கப் பாதிக்குப் பாதி. அறக்கட்டளைகளுக்கும் பாதி. நெருக்கடியான, வசதி குறைந்த நகரங்களுக்கு இதைவிடத் தாராளம் உண்டு.

மிச்சப் பாதியில் கவுன்ட்டியிடம் கேட்கலாம். மாநிலத்தில் 21 கவுன்ட்டிகள். எல்லாவற்றிலும் ஓப்பன் ஸ்பேஸ் வரி இருக்கிறது. ஃபெடரல் பக்கத்தில் நிலம்–நீர் பாதுகாப்பு நிதி என்று 1964-ல் சட்டம் போட்டு உண்டாக்கிய ஒன்று உண்டு. கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற கம்பெனிகள் கட்டும் பணம் அது. வருஷத்துக்கு 900 மில்லியன் டாலர் என்று சட்டத்தில் இருந்தும், பல வருஷம் அமெரிக்க காங்கிரஸ் அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை. 2020-ல்தான் முழுத் தொகையையும் நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும் என்று திருத்தினார்கள். அதுவும் பாதிதான் கொடுக்கும். மறுபாதியை நாம் காட்ட வேண்டும்.

இப்படி நாலு இடத்தில் வாங்கிச் சேர்த்தாலும், ஊர் தன் கையிலிருந்து ஒரு பங்கு போட்டே ஆக வேண்டும். அந்தப் பங்கை எடுத்து மேஜைமேல் வைக்காத ஊரை டிரென்டனில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

கே: நாட்டிலேயே அதிகமான சொத்துவரி நம்முடையது. அதிலும் இன்னொரு வரியா? பின்னால் நாலு மரம் இருப்பதற்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? (வாசகர், சவுத் பிரன்ஸ்விக்)

ப: நியாயமான எரிச்சல். தொகையை மட்டும் பார்த்துவிடுவோம். ஓப்பன் ஸ்பேஸ் வரியை நூறு டாலர் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று போடுவார்கள். ஒரு சென்ட் என்றால், 4 லட்சம் டாலர் மதிப்பிட்ட வீட்டுக்கு வருஷத்துக்கு 40 டாலர். மூன்று சென்ட் என்றால் 120. இரண்டு பேர் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் மளிகையும் வாங்கிக்கொண்டு வருகிற காசு. அதுவும் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால்தான் போட முடியும். உங்களுக்கு வேண்டாமென்றால் வேண்டாமென்று குத்திவிட்டு வாருங்கள்.

கமிட்டிக் கூட்டங்களில் இதற்கு வேறொரு பதில் சொல்வார்கள்: "வீடு கட்டினால் பிள்ளைகள் வருவார்கள், பள்ளிச் செலவு ஏறும், காட்டை வாங்கினால் லாபம்." இந்த வாதத்தை நான் வாய் திறந்து சொன்னதில்லை, சொல்லப் போவதும் இல்லை. அந்தப் பிள்ளைகள் யார்? நம் பிள்ளைகள்தான். நாம் குடியிருக்கிற டெவலப்மென்ட்டும் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு வயலாகவோ காடாகவோ இருந்ததுதானே. காட்டைக் காப்பாற்றக் காட்டைப் பற்றிய காரணமே போதும். மழைத் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஐடா புயல் 2021 செப்டம்பரில் மத்திய ஜெர்சியை என்ன செய்தது என்பது பேஸ்மென்ட் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஓடைக் கரையில் வீடு கட்டாமல் விட்ட தாழ்ந்த காடு, அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைக்கிறது. வடிகால் இன்ஜினியராக இருந்தவள் சொல்கிறேன், அந்த வேலையைக் குழாய் போட்டுச் செய்ய 40 டாலர் போதாது.

கே: எங்கள் ஊரில் ஒரு பெரியவர் தன் நிலத்தை ஊருக்கே விற்கத் தயார். ஆனால் அரசு மதிப்பீடு செய்த விலை, பில்டர் சொன்ன விலையில் பாதிதான். ஏன் இப்படி? அரசாங்கம் ஏமாற்றுகிறதா? (வாசகர், சாமர்செட் கவுன்ட்டி)

ப: வந்த கடிதங்களிலேயே சரக்குள்ள கேள்வி இதுதான். பல நல்ல காடுகள் கைநழுவிப் போவது இந்த இடத்தில்தான்.

கிரீன் ஏக்கர்ஸ் தானாக விலை சொல்வதில்லை. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் வந்து பார்த்து அறிக்கை தருவார். தொகை பெரிதென்றால் இரண்டு பேர் தனித்தனியாகத் தர வேண்டும். அறிக்கைகளை மாநில அலுவலர்கள் சரிபார்த்து ஒரு மதிப்பைச் சான்றளிப்பார்கள். மாநிலத்தின் பங்கு அந்தச் சான்றளித்த மதிப்புக்கு மேல் போகாது. விற்கிறவர் கூடக் கேட்டால், கூடுதலை ஊர் தன் பையிலிருந்துதான் போட வேண்டும்.

மதிப்பீட்டாளர் கேட்கிற கேள்வி: இந்த நிலத்தில் சட்டப்படி என்ன கட்டலாம்? இங்கேதான் சதுப்பு குறுக்கே வருகிறது. 1987-ல் வந்த நன்னீர் ஈரநிலச் சட்டப்படி, ஈரநிலத்தில் மட்டுமில்லை, அதைச் சுற்றி ஒரு பட்டையிலும் கட்டக்கூடாது. சாதாரணமாக 50 அடி. அருகிவரும் உயிரினங்கள் வாழும் இடமென்றால் 150 அடி. பத்து ஏக்கர் நிலத்தின் நடுவே ஒரு ஓடை வளைந்து போகிறது என்று வையுங்கள். இரண்டு பக்கமும் பட்டையைக் கழித்தால் வீடு கட்ட மிஞ்சுவது மூலையில் மூன்று ஏக்கர். மதிப்பீட்டாளர் அந்த மூன்றுக்குத்தான் நல்ல விலை போடுவார். மீதி ஏழுக்குப் பேருக்கு ஒரு விலை. நமக்கு எந்தப் பகுதி உயிரோ, அந்தப் பகுதிக்கு விலையே இல்லை என்பது கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் ஊர் அதை வாங்க முடிவதற்கும் அதுவேதான் காரணம்.

சரி, அப்படியானால் பில்டர் எப்படி இரண்டு மடங்கு சொல்கிறார்? அவருடைய ஒப்பந்தத்தை ஒரு தடவை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதில் ஒரு வரி இருக்கும்: எல்லா அனுமதிகளும் கிடைத்த பிறகுதான் பணம். ஸோனிங் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற ஊர் விதி) மாற வேண்டும், பிளானிங் போர்டு ஒப்ப வேண்டும், ஈரநிலத்தின் எல்லையை மாநிலம் உறுதி செய்ய வேண்டும், சாக்கடை இணைப்பு வர வேண்டும். நாற்பது வீடு என்று கணக்குப் போட்டது பதினாறாகக் குறைந்தால் விலையும் குறையும். அதுவரை நிலம் பூட்டிக் கிடக்கும்.

எங்கள் ஊரில் ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் வீட்டுச் சமையலறை மேஜையில் இதே பேச்சு நடந்தது. அவருக்கு எண்பது தாண்டிய வயசு. மகள் ஒருத்தி அரிசோனாவில், மகன் கரோலினாவில். பில்டர் கொடுத்த தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மேலே பெரிய எழுத்தில் இருந்த தொகையை விரலால் தடவித் தடவிக் காட்டினார். அவருடைய மகள்தான் போனில் ஸ்பீக்கரில் இருந்துகொண்டு, "அப்பா, ஏழாம் பக்கத்தைப் படியுங்கள்" என்றாள். ஏழாம் பக்கத்தில்தான் அனுமதிகளின் பட்டியல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "இதெல்லாம் முடிவதற்குள் நான் இருப்பேனா?" என்று கேட்டாரே தவிர, விலையைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. ஊர் கொடுப்பது குறைச்சல்தான், ஆனால் நிபந்தனை இல்லாத காசு. வயசானவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அவரை மாதிரி ஆட்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மதிப்பைவிடக் குறைவாக ஊருக்கு விற்றால், குறைந்த தொகை தானம் என்று ஆகும். 6 லட்சம் மதிப்புள்ள நிலத்தை 4.5 லட்சத்துக்கு விற்றால், மீதி ஒன்றரை லட்சத்தை ஃபெடரல் வருமான வரியில் தானமாகக் கழிக்கலாம். அதற்குத் தகுதியுள்ள மதிப்பீட்டு அறிக்கையும் 8283 என்ற படிவமும் வேண்டும். கணக்காளரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். விற்று முடித்த பிறகு போய்ப் பிரயோஜனமில்லை.

உங்கள் ஊர்ப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை யாரும் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டு "வள்ளல்" ஆக்க வேண்டாம், கையெழுத்து ஆகிறவரை. ஊரில் பேச்சு கிளம்பினால் பில்டர் விலையை ஏற்றுவார்.

கே: விற்க மாட்டேன் என்றால் ஊர் கட்டாயப்படுத்தி எடுத்துக்கொள்ள முடியுமா? (வாசகி, செர்ரி ஹில்)

ப: முடியும். உங்கள் பக்கத்து ஊரான மவுன்ட் லாரலே அப்படி ஒரு நிலத்தை எடுத்தது. பில்டர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மாநில உச்ச நீதிமன்றம் 2006-ல் ஊர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் நியாயமான விலையைக் கோர்ட் தீர்மானிக்கும். அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் இருக்கிற வரை எங்கள் கமிட்டியில் இதற்குக் கை தூக்க மாட்டேன்.

கே: மேடம், நீங்கள் எல்லாம் பச்சை பச்சை என்று பேசுவது கடைசியில் ஏழைகளுக்கு வீடு வராமல் தடுக்கத்தானே? (வாசகர், ஜெர்சி சிட்டி)

ப: சில ஊர்களில் ஆமாம். மறைப்பானேன்? அதே மவுன்ட் லாரல் பேரில்தான் 1975-ல் புகழ்பெற்ற வழக்கும் தீர்ப்பானது: குறைந்த வருமானக்காரர்கள் வர முடியாதபடி வளர்ந்துவரும் எந்த ஊரும் ஸோனிங் போடக்கூடாது, தன் பங்குக்கு அவர்களுக்கும் வீட்டுக்கு இடம் விட வேண்டும் என்று. இன்றைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் அந்தக் கடமை இருக்கிறது. அந்தக் கணக்கில் வீடு வரவிருக்கிற நிலத்தைப் பார்த்து அவசர அவசரமாக "இது அபூர்வக் காடு" என்று சொல்கிற ஊர்களை எனக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அந்த நிலம் ஊரின் ஓப்பன் ஸ்பேஸ் திட்ட அறிக்கையில் எப்போதிலிருந்து இருக்கிறது? பில்டர் வருவதற்கு முன்பே இருந்தால் பேச்சு நேர்மையானது. பில்டர் வந்த மறுமாதம் முளைத்திருந்தால் உங்கள் சந்தேகம் சரி. சதுப்பில் யாருக்குமே வீடு கட்டக்கூடாது, ஏழைக்கு முக்கியமாக. தண்ணீர் புகும்போது முதலில் மூழ்குவது அவர் வீடுதான். ஆனால் ரயில் நிலையம் பக்கத்தில், காலியாகக் கிடக்கிற பழைய பார்க்கிங் இடத்துக்கும் "வேண்டாம்" என்று வந்து கத்துகிறவர் என் கட்சி இல்லை.

கே: வாங்கிய காட்டில் ஒரு மூலையில் கிரிக்கெட் பிட்ச் போட்டுக்கொள்ளலாமா? நம் பையன்களுக்கு விளையாட இடமே இல்லை. (வாசகர், பிளெயின்ஸ்பரோ)

ப: கிரிக்கெட்டுக்கு நானும் ஓட்டுப் போடுவேன், வேறு இடத்தில். கிரீன் ஏக்கர்ஸ் பணம் பொழுதுபோக்குக்கும் உண்டு, பாதுகாப்புக்கும் உண்டு. மைதானத்துக்குத் தனியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் "அரிய காடு, தவளை வாழும் குட்டை" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, அப்புறம் புல்டோசரை இறக்குவது நாணயமில்லை. பவுண்டரி அடித்தால் பந்து சதுப்பில் போய் விழும், எடுக்கிறவன் முழங்கால் வரை சேறு. தட்டையான பழைய வயல் ஏதாவது விற்பனைக்கு வந்தால் எழுதுங்கள், சேர்ந்தே கவுன்சிலுக்குப் போவோம்.

கே: பத்து வருஷம் கழித்து ஊருக்குப் பணமுடை வந்தால் அந்தக் காட்டை விற்றுவிட மாட்டார்களா? (வாசகி, வெஸ்ட் வின்ட்சர்)

ப: கிரீன் ஏக்கர்ஸ் காசு ஒரு டாலர் தொட்டுவிட்டால் அவ்வளவு சுலபமில்லை. இதைத்தான் பல கவுன்சிலர்கள் கடைசி நிமிஷத்தில் தெரிந்துகொண்டு முகம் வெளுக்கிறார்கள். மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது, ஊர் தன்னிடமிருக்கிற பூங்கா, காடு, மைதானம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருக்கிற எல்லா நிலமும், மாநிலக் காசில் வாங்காததும் சேர்த்து, கட்டுக்குள் வந்துவிடும். அதில் ஒரு துண்டை வேறு காரியத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் பொதுமக்கள் கூட்டம், சுற்றுச்சூழல் துறை ஆணையரின் ஒப்புதல், அப்புறம் ஸ்டேட் ஹவுஸ் கமிஷன் என்ற மாநிலக் குழுவின் ஒப்புதல், ஈடாக வேறு நிலமோ பணமோ. ஃபெடரல் நிதி வாங்கிய நிலத்துக்கும் இதே மாதிரி நிரந்தரக் கட்டு உண்டு. மாற்றினால் சம மதிப்புள்ள நிலத்தைத் தர வேண்டும்.

இது ஊருக்குப் பாரம்தான். நாளைக்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் பூங்கா ஓரத்தில் கால் ஏக்கர் வேண்டுமென்றாலும் டிரென்டனுக்கு நடக்க வேண்டும். ஆகவே பட்டியல் போடும் நாளில் கவுன்சில் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். எது உள்ளே, எது வெளியே என்று அன்றைக்குத்தான் முடிவாகும். அன்றைக்குப் பெரும்பாலும் நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.

கே: எங்கள் பகுதியில் இருக்கிற சதுப்பில் பழைய குப்பைமேடு இருந்ததாகச் சொல்கிறார்கள். அதையும் வாங்கலாமா? (வாசகர், எடிசன்)

ப: நீங்கள் சொல்வது டிஸ்மல் ஸ்வாம்ப் பக்கம் என்று நினைக்கிறேன். எடிசன், மெட்டச்சன், சவுத் பிளெயின்ஃபீல்ட் மூன்றும் சேர்கிற இடத்தில் அறுநூறு ஏக்கருக்கு மேல் ஈரநிலம்; நடுவே பவுண்ட் புரூக் ஓடை. இப்போது பீட்டர் ஜே. பார்ன்ஸ் பெயரில் வனவிலங்குக் காப்பிடம். 2009-ல் இதைக் காக்கவென்றே மாநிலம் சட்டம் போட்டு, மூன்று ஊரும் கவுன்ட்டியும் சேர்ந்த ஒரு கமிஷன் வைத்தது. நம்மவர்கள் தினமும் காரில் சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில், மத்திய ஜெர்சியின் பெரிய சதுப்புகளில் ஒன்று இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

அதன் ஒரு ஓரத்தில் உட்புரூக் ரோடு குப்பைமேடு. மின்சாதனங்களில் போடும் கெப்பாசிட்டர்களை அங்கே கொட்டியதால் பிசிபி என்ற நச்சு மண்ணில் ஊறிவிட்டது. 2003-ல், நச்சால் கெட்டுப்போன இடங்களுக்கான ஃபெடரல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தார்கள். இந்த மாதிரி சரித்திரம் இருப்பதால்தான், மானியம் கேட்கிற எந்த நிலத்துக்கும் பழைய வரலாற்றுச் சோதனை கட்டாயம். பழைய விமானப் படங்கள், பழைய தொழிற்சாலைப் பதிவுகள், புதைத்த எண்ணெய்த் தொட்டிகள் எல்லாம் பார்ப்பார்கள். ஏதாவது கிடைத்தால் அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிட்டு மீதியை வாங்கலாம், அல்லது சுத்தம் செய்து கொடு என்று விற்கிறவரைக் கேட்கலாம். பத்திரம் ஊர் பெயருக்கு மாறிய பிறகு மண்ணுக்குள் நச்சு டிரம் கிடைத்தால் அது ஊர் டிரம். வில்லங்கம் பார்க்கிற மாதிரியே மண்ணையும் பார்க்க வேண்டும்.

கே: ஜனங்கள் சேர்ந்து உண்மையிலேயே ஜெயித்த கதை உண்டா? இல்லை, எல்லாம் பேப்பர் வேலைதானா? (வாசகி, மாரிஸ் கவுன்ட்டி)

ப: உங்கள் கவுன்ட்டியிலேயே இருக்கிறதே! 1959 டிசம்பரில், நியூயார்க் வட்டாரத் துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் நடத்துகிற போர்ட் அத்தாரிட்டி, கிரேட் ஸ்வாம்ப் என்ற பெரிய சதுப்பை மூடி ஒரு பெரிய விமான நிலையம் கட்டப் போவதாகச் சொன்னது. சுற்றுப்புற மக்கள் கூடி, வீடு வீடாகப் போய்ப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, சுமார் 3,000 ஏக்கரை வாங்கி, அப்படியே ஃபெடரல் அரசுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். 1960-லேயே அது தேசிய வனவிலங்குப் புகலிடம் ஆனது. ஃபெடரல் புகலிடத்தில் ரன்வே போட முடியாது. இன்றைக்கு அது ஏழாயிரம் ஏக்கருக்கு மேல். டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து முப்பது மைல்கூட இல்லை. அந்த மக்களில் பணக்காரர்கள் பலர் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அந்த அளவு கை நீளாது. அதனால்தான் அரசாங்கத்தின் கையைப் பிடிக்கிறோம்.

கே: விண்ணப்பத்தில் எதை எழுதினால் எடுபடும்? (இதே கேள்வி நிறையப் பேரிடமிருந்து)

ப: "இயற்கை அன்னை" என்று ஆரம்பிக்கிற எதுவும் எடுபடாது. பக்கத்து பூங்காவோடு இந்த லாட் ஒட்டுகிறதா, ஓடை எங்கே போய்ச் சேர்கிறது, நடந்து வரக்கூடிய தூரத்தில் எத்தனை வீடு, பஸ் நிற்கிறதா, ஊர் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இந்த நிலம் இருக்கிறது. இவைதான்.

உங்களால் மட்டும் கொடுக்க முடிகிற சாட்சி ஒன்று உண்டு. மார்ச் மாதத்தில், முதல் சூடான மழை இரவு முடிந்த மறுநாள், காட்டுக்குள் தேங்கிய குட்டைக்குப் போய்ப் பாருங்கள். உரிமையாளர் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். ஏதோ வாத்துக் கூட்டம் கத்துகிறது என்று நினைப்பீர்கள், வாத்து இருக்காது. உட் ஃபிராக் என்கிற பழுப்புத் தவளை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டிருக்கும். சில நாளில் தண்ணீரில் மூழ்கிய குச்சிகளில் ஜவ்வரிசிக் கஞ்சி நிறத்தில் முட்டைத் திரள் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. மீன் இல்லாத, கோடையில் வற்றிப்போகிற குட்டையில்தான் இவை முட்டையிடும். அந்த மாதிரிக் குட்டைகளுக்கு மாநிலத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஆதாரம் அனுப்பலாம். கையால் எடுக்காதீர்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை போனே சொல்லிவிடும். எங்கள் மனுவோடு வைத்த அந்தப் படங்களைத்தான், இடம் பார்க்க வந்த அலுவலர் கையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் உருகி உருகி எழுதிய முன்னுரையை இல்லை.

கே: வாங்கியாச்சு. அப்புறம்? (வாசகர், மன்ரோ)

ப: அப்புறம்தான் மான். வேலி இல்லாத காட்டில் முளைக்கிற ஓக் கன்றுகளையெல்லாம் அவை மேய்ந்துவிடும். மேயாமல் விடுவது ஜப்பானிய பார்பெரி முள்ளும் ஸ்டில்ட்கிராஸ் புல்லும்தான். தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும், உள்ளே அடுத்த தலைமுறை மரமே இருக்காது. வாங்கும் மானியத்தில் பராமரிப்புக்குக் காசில்லை. ஆகவே ஓப்பன் ஸ்பேஸ் வரிக்கு ஓட்டெடுப்பு வைக்கும்போதே, "வாங்கவும் பராமரிக்கவும்" என்று வாசகம் இருக்கும்படி கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை விட்டுப்போனால் கத்திரிக்கோல் வாங்கக்கூட வேறு கணக்கில் கை வைக்க வேண்டும்.

கே: மானியத்துக்கு முன்னால் பொதுமக்கள் கூட்டம் வைப்பார்களாமே. என் இங்கிலீஷ் அவ்வளவு சுத்தமில்லை. போய்ப் பேசலாமா? (வாசகி, நார்த் பிரன்ஸ்விக்)

ப: கட்டாயம் போங்கள். அந்தக் கூட்டத்தின் பதிவும் விண்ணப்பத்தோடு போகிறது. நாலு பேர் பேசினதாக இருப்பதற்கும் நாற்பது பேர் பேசினதாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மைக் முன்னால் நின்றதும் பெயரும் தெருவும் கேட்பார்கள்; நம் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் கொடுத்த மூன்று நிமிஷத்தில் ஒன்று போய்விடும். பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, முன்கூட்டியே கிளார்க்கிடம் கொடுத்துவிடுங்கள்.